நடை நிலை

யீஷூனில் அதற்குப் பெயர் நடை நிலை.
மழைக்குப் பிறகு வடிகாலைத் தாண்டுகிறவள் போல
முன்கால் நீள வேண்டும்,
பின்கால் விறைக்க வேண்டும்,
தொடை எரியும்வரை அப்படியே.

பொங்கோலிலும் அதற்குப் பெயர் நடை நிலைதான்.
ஆனால் இங்கே
எண்பத்தைந்தாம் எண் பேருந்து வருகிறதா என்று
எட்டிப் பார்க்கிறவள் வைக்கிற கால் அளவு.
அவ்வளவே.

வீடு கிடைத்து மாறி வந்தோம்.
பதினாறாம் மாடி, எதிரிலும் ஒரு பதினாறாம் மாடி.
கடைசியாகப் பிரித்த பெட்டியில்
ரசக் கரண்டிக்கும் வரிக் கடிதத்துக்கும் நடுவே
மஞ்சள் பட்டை.
அதற்காக நாற்பத்தோரு வயதில்
ஒரு பலகையை உடைத்தேன்.
மறுநாள் அலுவலகத்தில் யாருக்கும் சொல்லாமல்
வீங்கிய கையால்
விலைப்பட்டியல் தட்டிக்கொண்டிருந்தேன்.

பயிற்சியாளர் ஹுவி லிங்,
முழங்காலில் நீலப் பட்டி ஒட்டிய சின்னப் பெண்,
எந்த வடிவம் கற்றீர்கள் என்று கேட்டாள்.
சொன்-ஜி என்றேன்.
தூரத்து உறவுக்காரர் பெயரைக் கேட்டதுபோல்
தலையாட்டினாள்.
இங்கே தேகுக் இல் ஜாங், ஆன்ட்டி.
மஞ்சளைக் கட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.
தேர்வு மட்டும் வெள்ளையிலிருந்து.

நானே வெள்ளையைக் கேட்டு வாங்கினேன்.
பன்னிரண்டு வெள்ளி.

அங்கே முதல் வடிவம் வானும் மண்ணும்.
இங்கே முதல் வடிவம் வானம் மட்டும்.
மண்?
எட்டாவது வடிவத்தில் வருமாம்.
அதுவரை எதன்மேல் நிற்பது என்று
நான் கேட்கவில்லை.

தண்ணீர் குழாயடியில் ஃபர்ஹான் சொன்னான்
ஜூரோங்கில் அவன் பள்ளியில்
மஞ்சளுக்கு வடிவமே தேவையில்லை,
ஐந்து உறுதிமொழியைக் கொரிய மொழியில்
தடுமாறாமல் ஒப்பித்தால் போதும்.
ஷெர்லினின் பழைய பள்ளியில்
வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஓர் ஆரஞ்சு.
அதற்கும் ஒரு தேர்வு, அதற்கும் ஒரு கட்டணம்.
மூன்று பேரும் சிரித்தோம்.
பிறகு மூன்று பேரும்
அவரவர் முடிச்சை அவரவர் பள்ளி வழக்கப்படி
அவிழ்த்துக் கட்டினோம்.

இரவு, வீவக அடித்தளத்தில்,
கல்மேசைக்கும் சைக்கிள்களுக்கும் இடையே
இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன்.
இடப்பக்கம் திரும்பு, கீழே தடு,
ஓரடி வை, குத்து.
வலப்பக்கமும் அப்படியே.
மறுபடி முன்னோக்கித் திரும்பு, தடு.
ஐந்து அசைவு வரை
இரண்டு பள்ளியும் ஒரே பள்ளி.
ஆறாவதில் யீஷூன் ஒரு காலை முன்னே வைக்கும்.
பொங்கோல் நின்ற இடத்திலேயே நின்று
இடுப்பைத் திருப்பும்.
அந்த ஆறாவதில்
எத்தனை இரவு இடறினேன் என்பது
எதிர் புளோக்கின் பூனைக்குத் தெரியும்.

தேர்வன்று சமூக மன்றத்தில்
பூப்பந்துக் கோடுகளின்மேல் வரிசை.
என் இடப்பக்கம் எட்டு வயது யுவனேஷ்,
வலப்பக்கம் பல் விழுந்த ஒரு சிறுமி.
ஆறாவது வந்தது. கால் நின்றது.
இடுப்பு திரும்பியது.
பதினெட்டாவதில் எல்லோரும் கத்தினோம்,
என் குரல்தான் தடிமன்.

அங்கே முடித்திருக்கலாம்.
கால் முடிக்கவில்லை.
அதுபாட்டுக்கு ஓரடி பின்னால் போனது,
கை குத்தியது.
இன்னோரடி பின்னால்,
இன்னொரு குத்து.
சொன்-ஜி அப்படித்தான் முடியும்,
பின்வாங்கியபடியே அடித்துக்கொண்டு,
சத்தமில்லாமல்.

நடுவர் பேனாவைத் தூக்கினார்.
யுவனேஷ் என்னை அண்ணாந்து பார்த்தான்,
அவனுக்கு யாரும் சொல்லித்தராத ஏதோ
எனக்கு மட்டும் தெரியும் என்பதுபோல்.

தேர்வுத் தாளில்
அசைவுகள் என்ற கட்டத்தில் இருபது என்று இருந்தது.
பதினெட்டுக்கு இருபது.
கீழே, தேர்ச்சி. வெள்ளையின் நுனியில்
ஒட்டிக்கொள்ள ஒரு விரற்கடை மஞ்சள்.

சோற்றைப் போட்டபடி எழிலன் கேட்டார்,
இப்போது என்ன நிறம்?
வெள்ளை, கொஞ்சம் மஞ்சள்.
போன வருஷம் முழு மஞ்சள்தானே?
ஆமாம் என்றேன்.
ஊறுகாயை இப்படித் தள்ளுங்கள்.